அமெரிக்க அரசுப் பள்ளியில் நியாயம்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவுக்குக் குடும்பத்தோடு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்கிறோம். கட்டணம் இல்லை, பஸ் வருகிறது, புத்தகமும் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள், பணம் யாருடையது, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் நம் ஊர்ப் பள்ளிக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று நாம் பேசுவது குறைவு. நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் உரிமைகளில் பல, யாரோ ஒரு குடும்பம் துணிந்து வழக்குப் போட்டதால் வந்தவை. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால்தான் இங்கே பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பது புரியும். அதனால் பதில்களில் அவையும் கலந்து வரும்.

பள்ளிகளை நடத்துவது வாஷிங்டன் அரசா?

இல்லை. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மத்திய அரசுக்கு என்று எழுதித் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது 10ஆவது திருத்தம். அதனால் கல்வி மாநிலத்தின் வேலை. மாநிலங்கள் அதை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. நாடு முழுக்க ஏறக்குறைய 13,000 டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. ஹவாயில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் மொத்தம் சுமார் 5 கோடி.

ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஹொரேஸ் மான். 1837இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் முதல் செயலாளர் ஆனார். ஓட்டுப் போடுகிறவர்கள் படித்திருக்காவிட்டால் மக்களாட்சி நிலைக்காது என்பது அவருடைய வாதம். அந்த மாநிலம்தான் 1852இல் முதன்முதலாகக் கட்டாயக் கல்விச் சட்டம் போட்டது. அப்போதிருந்த மாநிலங்களில் கடைசியாக வந்து சேர்ந்தது மிசிசிப்பி, 1918இல்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்று அளவுதான். மதிய உணவு, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான உதவி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான செலவு என்று குறிப்பிட்ட காரியங்களுக்காகவே அது வரும். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகத் தருகின்றன. இந்தக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி. அதாவது, அந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கும் வீடுகளும் கடைகளும் எவ்வளவு விலை போகுமோ அதைப் பொறுத்துத்தான் அங்கே வரி வசூல்.

அப்படியானால் பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு மோசமான பள்ளி என்றுதானே ஆகும்?

ஆகும். ஆகியும் இருக்கிறது. இதை எதிர்த்து நடந்த மிகப் பெரிய வழக்கை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்று ஒரு டிஸ்ட்ரிக்ட். அங்கே பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். 1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி, டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கட்டடம் சிதைந்து கிடக்கிறது, தகுதியுள்ள ஆசிரியர்கள் போதவில்லை என்பது அவர்கள் முறையீடு. அதன் தொடர்ச்சியாகப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முதல் மனுதாரர் டிமெட்ரியோ ரொட்ரிகெஸ், விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த தொழிலாளி, முன்னாள் படைவீரர்.

வழக்கில் வந்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1967-68 கல்வியாண்டு அது. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 5,960 டாலர். அதே நகரத்தின் வசதியான பகுதியான ஆலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். நகரத்திலேயே அதிகமான விகிதம் அதுதான். ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குத் தர வேண்டிய பங்கு போக, உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்கு எட்ஜ்வுட்டில் மிஞ்சியது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பிறகும் 356 டாலருக்கு 594 டாலர் என்ற இடைவெளி இருந்தது.

ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினார்கள், குறைந்த பள்ளியைப் பெற்றார்கள். பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிட முடியாது.

கீழ் நீதிமன்றத்தில் ரொட்ரிகெஸ் ஜெயித்தார். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளில் கல்வி இல்லை, உள்ளூர் நிர்வாகம் என்ற நோக்கத்துக்காக இப்படி வரி வசூலிப்பதில் தவறில்லை என்று எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர்தான். அந்த ஒரு ஓட்டு மாறியிருந்தால் இந்த நாட்டின் பள்ளிகள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதோடு முடிந்ததா?

இல்லை, சண்டை மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. மத்திய அரசமைப்புச் சட்டத்தில் கல்வி இல்லாவிட்டாலும் மாநிலங்களின் அரசமைப்புச் சட்டங்களில் இருக்கிறதே! எட்ஜ்வுட் மறுபடியும் வழக்குப் போட்டது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த முறை மாநிலச் சட்டத்துக்கு எதிரானது என்றார்கள். 1993இல், சொத்து வளம் மிகுந்த டிஸ்ட்ரிக்டுகளின் வரியில் ஒரு பகுதியை எடுத்து மற்றவர்களுக்குத் தரும் சட்டம் வந்தது. டெக்சஸ்காரர்கள் 'ராபின் ஹூட்' என்று சொல்வது இதைத்தான். நியூ ஜெர்சியில் 1990ஆம் ஆண்டின் அபட் தீர்ப்பு, ஏழை நகர டிஸ்ட்ரிக்டுகளுக்குப் பணக்காரப் புறநகர்களுக்கு ஈடான செலவு செய்தாக வேண்டும் என்றது. 1998இல் அங்கே 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு முன்பள்ளியும் வேண்டும் என்று உத்தரவானது.

கலிபோர்னியா 2013இல் முறையையே மாற்றியது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்பு இல்லத்தில் இருக்கும் பிள்ளை, இவர்கள் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக டிஸ்ட்ரிக்டுக்குப் போகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் கூடுதல். தேவை அதிகமுள்ள பிள்ளைக்குப் பணமும் அதிகம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோருக்கும் ஒரே தொகை என்பதைவிட இது நியாயமானது.

பணம் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா?

பணம் மட்டும் போதாதுதான். ஆனால் பணத்தால் பலன் இல்லை என்பது உண்மையல்ல. இப்படிப்பட்ட நீதிமன்ற உத்தரவுகளால் செலவு கூடிய டிஸ்ட்ரிக்டுகளில் படித்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ என்ற 3 பொருளியலாளர்கள் செய்தது. 12 வருடப் பள்ளிப் படிப்பு முழுக்க 10 சதவீதம் கூடுதல் செலவு செய்யப்பட்ட பிள்ளைகள் அதிக காலம் படித்தார்கள், பிற்காலத்தில் சுமார் 7 சதவீதம் கூடுதல் கூலி பெற்றார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

ரேட்டிங் பார்த்து வீடு வாங்குவது தவறா?

பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இணையதளங்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் 10க்கு இத்தனை என்று தரும் அந்த ரேட்டிங் எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். ரேட்டிங்கில் பெரிய பங்கு தேர்வு மதிப்பெண்ணுக்கு. தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் ஒட்டியே போகும். ஆக, 9, 10 என்று வரும் பள்ளியில் நீங்கள் பார்ப்பது ஆசிரியர்களின் திறமையை மட்டுமல்ல, அந்த ஊரில் வீடு வாங்க முடிந்தவர்கள் யார் என்பதையும்தான். நாமெல்லோரும் அந்த எண்ணைத் துரத்த, அந்த ஊரில் வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, ஆசிரியராகவோ பஸ் ஓட்டுநராகவோ அதே பள்ளியில் வேலை பார்ப்பவர் அங்கே குடியிருக்க முடியாமல் போகிறது.

பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள், நூலகர் இருக்கிறாரா, உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று கேளுங்கள்.

1954 பிரவுன் தீர்ப்போடு கறுப்பர், வெள்ளையர் தனிப் பள்ளி முறை ஒழிந்துவிட்டது இல்லையா?

பாடப் புத்தகத்தில் அப்படித்தான் முடியும். நடந்தது வேறு.

பிரவுன் வழக்கு என்பது ஒரே வழக்கல்ல, 5 வழக்குகள் சேர்ந்தது. அவற்றில் ஒன்றைத் தொடங்கி வைத்தவர் 16 வயதுப் பெண். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் ஊரில் இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாததற்குத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிருக்கு விறகு அடுப்பு. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற மாணவி, தலைமை ஆசிரியரைப் பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே போகவைத்து, மாணவர்களை அரங்கில் கூட்டி, ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். வந்த வழக்கறிஞர்கள், தனிப் பள்ளி முறையையே எதிர்ப்பதாக இருந்தால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள். மிரட்டல் வந்ததால் பார்பராவை அலபாமாவில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவர் பள்ளி நூலகர் ஆனார்.

1954 மே 17 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனிப் பள்ளி முறை செல்லாது என்றார்கள். அந்தப் பிள்ளைகளின் ஊர் இருந்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்ன செய்தது தெரியுமா? சேர்த்துப் படிக்கவைக்க மனமில்லாமல் 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கி, அதற்குப் பொதுப் பணத்திலிருந்தே உதவித்தொகை கொடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்குப் பள்ளி கிடையாது. சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் படிப்பையே விட்டார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பள்ளி திறந்தது. 5 வருடம்! ஒரு குழந்தை 7 வயதில் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதை 12 வயதில் தொடங்கினால் அதன் வாழ்க்கை என்ன ஆகும்? அப்படிப் படிப்பை இழந்தவர்களுக்காக வர்ஜீனியா 2004இல் ஓர் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது அவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

வடக்கு மாநிலங்களில் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. குடியிருப்பே பிரிந்திருந்தது. 1974இல் டெட்ராய்ட் வழக்கில், நகரப் பள்ளிகளையும் புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துக் கலப்பதற்கு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. புறநகர்கள் தாமாகத் தவறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அன்றிலிருந்து டிஸ்ட்ரிக்ட் எல்லைக்கோடுதான் பெரிய சுவர். முந்தைய கேள்வியில் சொன்ன வீட்டு விலையும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது.

இதெல்லாம் கறுப்பர், வெள்ளையர் சண்டைதானே? ஆசியர்களுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற 8 வயதுச் சீனச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1885இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. உடனே சீனர்களுக்கென்று தனிப் பள்ளி திறந்துவிட்டார்கள். மிசிசிப்பியில் மார்த்தா லம் என்ற சீனச் சிறுமியை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அது சரிதான் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் நடந்த மெண்டெஸ் வழக்கு எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். அப்படி அடைக்கப்பட்ட முனெமிட்சு குடும்பத்தின் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்த வந்தவர்கள் மெண்டெஸ் குடும்பம். அவர்கள் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்காமல் மெக்சிகோக்காரர் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். பண்ணை வருமானத்தைப் போட்டு வழக்கு நடத்தி, 1947இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். அதே வருடம் மாநிலச் சட்டத்தில் இருந்த தனிப் பள்ளிப் பிரிவுகளை நீக்கிக் கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஏர்ல் வாரன். 7 வருடம் கழித்துப் பிரவுன் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் அவரே.

இன்று நம் பிள்ளை ஆங்கிலம் தெரியாமல் வந்து சேர்ந்தால் பள்ளி தனிப் பயிற்சி தருகிறதல்லவா? அது சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் 1974இல் லாவ் வழக்கில் வாங்கித் தந்தது. புரியாத மொழியில் ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்துவது சம வாய்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

விசா விவரம் கேட்டால் காட்ட வேண்டுமா?

முகவரிச் சான்று, வயதுச் சான்று, தடுப்பூசி விவரம் கேட்பார்கள், கொடுங்கள். குடியேற்ற நிலை பள்ளிச் சேர்க்கைக்குத் தேவையில்லை. 1975இல் டெக்சஸ், ஆவணமில்லாத பிள்ளைகளுக்கு மாநிலப் பணம் இல்லை என்று சட்டம் போட்டது. டைலர் நகர டிஸ்ட்ரிக்ட் அந்தப் பிள்ளைகளிடம் வருடத்துக்கு 1,000 டாலர் கேட்டது. வழக்குப் போட்ட பெற்றோர், நீதிமன்றத்திலிருந்தே நாடு கடத்தப்படலாம் என்று பயந்து, காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு விசாரணைக்கு வந்தார்கள். 1982இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதற்கு எதிரான முயற்சிகள் சில மாநிலங்களில் அவ்வப்போது தலைதூக்குகின்றன. ஒரே ஓட்டில் நிற்கும் உரிமை இது என்பதை மறக்க வேண்டாம்.

காலையில் கொடி உறுதிமொழி சொல்ல என் பிள்ளை கட்டாயமா எழுந்து நிற்க வேண்டும்?

கட்டாயமில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நாட்டின் பல இடங்களில் அந்த மக்களை அடித்தார்கள். போர் உச்சத்தில் இருந்தபோதே, 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. தேசப்பற்றில் எது சரியான கருத்து என்று விதித்து, அதை வாயால் சொல்லவைக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். 1986இல் கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட 3 பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன இந்திய உச்ச நீதிமன்றமும் இந்த அமெரிக்கத் தீர்ப்பை எடுத்துப் பேசியது.

பேச்சுரிமையும் அப்படித்தான். 1965இல் அயோவா மாநிலத்தில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டி வந்த மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. பள்ளி வாசலில் நுழைவதால் மாணவரோ ஆசிரியரோ தம் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வகுப்பு நடப்பதற்கு இடைஞ்சல் வரக் கூடாது, அவ்வளவுதான்.

உறுதிமொழி சொல்வதா, வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமே பேசி முடிவு செய்யுங்கள். ஏன் என்று அதற்கே தெரிந்திருப்பது நல்லது.

குடிமைப் பாடம் ஒழுங்காகக் கற்றுத் தருகிறார்களா?

வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் குடிமையியலில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 22 சதவீதம் மட்டுமே. 1998இல் இந்தத் தேர்வு தொடங்கியதிலிருந்து சராசரி மதிப்பெண் இறங்கியது அதுவே முதல் முறை. வாசிப்புக்கும் கணக்குக்கும் வருடாந்தரத் தேர்வு இருக்கிறது, அதில்தான் பள்ளியை எடை போடுகிறார்கள். குடிமையியலுக்கு நேரம் குறைந்துகொண்டே போகிறது.

மாநிலங்கள் இரண்டு விதமாக இதைச் சமாளிக்கின்றன. 2015இல் அரிசோனா, குடியுரிமைத் தேர்வின் கேள்விகளைப் பள்ளிப் படிப்பு முடிக்கவும் தேவையாக்கியது. மாசசூசெட்ஸ் 2018இல் வேறு வழியில் போனது. 8ஆம் வகுப்பில் ஒரு முறை, உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை, பிள்ளைகளே தலைமையேற்றுச் செய்யும் குடிமைச் செயல்திட்டத்துக்குப் பள்ளிகள் வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. பஸ் நிறுத்தத்தில் விளக்கு இல்லை என்றால் அது யார் பொறுப்பு, யாருக்கு எழுத வேண்டும், மறுத்தால் அடுத்தது என்ன என்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கும்போது நகராட்சி எப்படி இயங்குகிறது என்பது தானாகப் புரிந்துவிடும். செனட்டர்கள் 100 பேர் என்று மனப்பாடம் செய்வதைவிட இதுதான் நிலைக்கும். என் ஓட்டு மாசசூசெட்ஸுக்கு.

பிள்ளைக்குக் கற்றலில் சிரமம். பள்ளியில் சொன்னால் முத்திரை குத்திவிடுவார்களோ?

நம் சமூகத்தில் இந்தப் பயத்தால் வீணாகும் வருடங்கள் அதிகம். தயவுசெய்து சொல்லுங்கள். 1975க்கு முன் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே இடமில்லை. அந்த வருடம் நவம்பரில் வந்த சட்டத்தால், எப்படிப்பட்ட குறைபாடு இருந்தாலும் தகுந்த கல்வியை இலவசமாகத் தருவது பள்ளியின் கடமை ஆனது. என் பிள்ளையை மதிப்பீடு செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பதிவு இருக்காது. உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்குப் பிறகுதான் மதிப்பீடு தொடங்கும். மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் ஒழிய 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். அப்புறம் ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள். அந்தக் குழுவில் பெற்றோரும் ஓர் உறுப்பினர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கேட்கலாம்.

கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்ப்பது நம் ஊர் இடஒதுக்கீடு மாதிரியா?

இல்லை. இத்தனை இடம் என்று ஒதுக்குவதை 1978லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பல காரணிகளில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்ற முறைதான் இருந்தது. அதையும் 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் நிறுத்தினார்கள். தன் இனத்தால் வாழ்க்கையில் சந்தித்ததை மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்று மட்டும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் விட்டுவைத்தார்.

ஆசியப் பெற்றோர் பலர் இதைக் கொண்டாடினார்கள். அவர்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய மாணவரின் பிள்ளை என்பதற்காகத் தரப்படும் முன்னுரிமையை அந்தத் தீர்ப்பு நிறுத்தவில்லை. தாத்தா படித்த கல்லூரி என்பதற்காக ஒருவருக்கு வாசல் திறப்பது எந்த விதத்தில் தகுதி? கொலராடோ, வர்ஜீனியா, மேரிலாந்து, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் இதற்குத் தடை போடத் தொடங்கியிருக்கின்றன.

சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக இங்கே சட்டம் இருக்கிறதா?

சில இடங்களில். 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் பாகுபாடு தடுப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு அதன் 23 வளாகங்களிலும் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் நாட்டிலேயே முதல் நகரமாகச் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருடம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார்.

இந்தச் சட்டங்கள் நம்மைத் தனியாகக் குறிவைக்கின்றன என்று நம்மவர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. நிறத்தின் பெயரால் ஒதுக்குவதை எதிர்த்து மற்றவர்கள் போராடி வாங்கிய பாதுகாப்பில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சாதி கேட்டு ஒதுக்கப்படும் ஒரு தமிழ் மாணவருக்கு அதே பாதுகாப்பைத் தர நாமே தடையாக இருக்கக் கூடாது.

ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குக் குடியுரிமை இல்லாதவர்கள் போகலாமா? அங்கே என்ன நடக்கும்?

போகலாம், பேசவும் செய்யலாம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் போர்டு உறுப்பினர்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது.

மாலை 6 அல்லது 7 மணிக்குத் தொடங்கும். நுழைந்ததும் ஒரு மேசையில் அட்டைகள் இருக்கும். பெயர், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கூப்பிட்டதும் மைக் முன்னால் போய் நிற்க வேண்டும். பல இடங்களில் 3 நிமிடம், கூட்டம் அதிகமானால் 2 நிமிடம். பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பானதும் நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் வாக்கியத்திலேயே உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், விளக்கம் அப்புறம். உறுப்பினர்கள் பதில் பேசாமல் இருந்தால் அவமதிப்பாக நினைக்க வேண்டாம். அன்றைய கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் விஷயங்களின் பட்டியலில் இல்லாததை அங்கேயே விவாதிக்கக் கூடாது என்று பல மாநிலங்களின் சட்டம் சொல்கிறது. கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாகவே பட்டியலை வெளியிட வேண்டும்.

ஓட்டுரிமை பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட்டுவருகிறார்கள். கலிபோர்னியாவில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஆலோசனைக் குழுக்கள் உண்டு. அவற்றில் சேரக் குடியுரிமை தேவையில்லை, வருகிறவர்கள் குறைவு என்பதால் இடமும் எளிதில் கிடைக்கும். டிஸ்ட்ரிக்டின் புது வரவுசெலவுத் திட்டம் அங்கே ஜூலை 1க்குள் முடிவாகிவிடும். ஆக மே, ஜூன் மாதக் கூட்டங்களுக்குப் போய், தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று வந்த கூடுதல் பணத்தில் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.